பாஸ்புக்கில் வந்த பெயர்

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாமுண்டீஸ்வரியின் இடது காதுக்குள் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் அறுபது மிஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது எழும் இரைச்சல். அந்தக் காதில் வேறு எதுவும் விழவில்லை. வலது காதைப் பொத்தினால் உலகமே அந்த இரைச்சல்தான்.

புருஷன் எத்திராஜ் அடித்த அடி அது.

அவனுடைய வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றையும் நான்கு வருடத்துக்கு முன் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பவர் பிரஸ் எடுத்துக்கொண்டது. விரல் இல்லாத கையால் அறைந்தால் அது அறையாக விழாது. உருட்டுக்கட்டையாக விழும்.

நடந்ததை ஒருமுறை வரிசைப்படுத்திக்கொள்வோம்.

அந்த வீட்டுக்கு மாதம் வருவது இரண்டே தொகைகள். எத்திராஜுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை ஆயிரத்து ஐந்நூறு. அவன் மனைவி சாமுண்டீஸ்வரிக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம். மகள் வித்யா கல்லூரி விடுமுறையில் ஜெராக்ஸ் கடையில் வாங்கும் சம்பளம் அவள் பஸ்ஸுக்கும் பரீட்சைக்கும் சரியாகப் போய்விடும். சாமுண்டீஸ்வரி எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தபோது சம்பளத்துக்காகத் திறந்த பேங்க் கணக்கிலேயே அந்த ஆயிரமும் விழுந்தது. கம்பெனியை மூடி இரண்டு வருடம் ஆகிறது. கணக்கை யாரும் மூடவில்லை.

முதல் இரண்டு மாதம், "இன்னும் வரலய்யா" என்றாள். மூன்றாம் மாதத்திலிருந்து அறுநூறு கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஆயிரம்னுதானே சொன்னானுங்க?"

"ஏ.டி.எம்.ல அவ்ளோதான்யா வருது."

போன வெள்ளிக்கிழமை எத்திராஜ் பூந்தமல்லிக்குப் போய், மிஷினில் பாஸ்புக்கை என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தான். எட்டாவது வரை படித்தவன். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிடுவான். 'வரவில்லை' என்ற இரண்டு மாதமும் ஆயிரம் வந்திருந்தது. வந்த அன்றைக்கே துண்டு துண்டாக முழுத்தொகையும் போயிருந்தது. பிறகு மாதம் தவறாமல் முந்நூற்று ஐம்பத்து நான்கு ரூபாய். ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர்.

இரண்டு நாள் அந்தப் பெயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். ஞாயிறு மத்தியானம், வித்யா பட்டாபிராமில் சித்தி வீட்டுக்குப் போயிருந்த நேரம், கதவைச் சாத்தினான்.

"மீன் பாலுக்கு எவ்ளோ குட்த்தே?"

மீன் பாலு என்பது பூபாலன். விடியற்காலை வானகரம் மார்க்கெட்டில் மீன் எடுத்து, டி.வி.எஸ். வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி, திருமழிசைத் தெருக்களில் விற்பவன். சாமுண்டீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷனுக்குத் தெரியாமல் அவனிடம் கடன் சொல்லி மீன் வாங்கியிருந்தாள். அதைத்தான் கேட்கிறான் என்று நினைத்தாள்.

"இன்னும் குடுக்கலய்யா... நானூறு ரூபா. உன்னாண்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எத்தினி மாசமா?"

"ரெண்டு மாசமா. தப்புதான்யா."

அந்தத் 'தப்புதான்' என்ற சொல்லுக்கு முதல் அடி விழுந்தது. அப்புறம், "முந்நூத்தி அம்பத்தி நாலு! மாசா மாசம் முந்நூத்தி அம்பத்தி நாலு! பாஸ்புக்குல அவன் பேரு கீதுடி!" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். அவள் போனைச் சுவரில் அடித்து நொறுக்கினான். காதிலிருந்து ரத்தம் வழிந்து ரவிக்கை நனைந்ததும் நிறுத்தினான்.

"அவன வெட்டாம உடமாட்டேன்டி."

இதே வார்த்தையைப் பிரஸ் முதலாளியைப் பற்றியும் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன். அதனால் சாமுண்டீஸ்வரி அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இன்று புதன்கிழமை. மே மாதம் பதினைந்தாம் தேதி.

*

காலை எட்டு மணிக்கே கத்திரி வெயில் முதுகைச் சுட்டது. எத்திராஜ் பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, பழைய சைக்கிள் டியூப் ஒன்றைப் பட்டை பட்டையாக அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, கட்டு நிற்கிறதா என்று பார்த்தான்.

"இன்னாத்துக்குய்யா அது?"

"பைப்பு ஒழுவுது."

எந்தப் பைப்பும் ஒழுகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டாவது கேள்வி கேட்கிற வழக்கம் போய்விட்டது.

ஒன்பதரைக்கு அவன் வெளியே போனான். வெங்காயம் நறுக்கக் கத்தியைத் தேடினாள், காணவில்லை. அரிவாள்மனையை இழுத்துப் போட்டு நறுக்கினாள். கறிக்கத்தி எங்கே போயிருக்கும் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அவள் மனதில் இருந்தது ஒன்றுதான்: அந்த நானூறு ரூபாயை இன்றைக்கே பாலுவின் மூஞ்சியில் எறிந்துவிட வேண்டும். எறிந்துவிட்டால் வீட்டில் அடி நிற்கும்.

முந்தானையால் காதை மூடிக்கொண்டு, காசு கேட்காத லேடீஸ் பஸ் பிடித்துப் பூந்தமல்லிக்குப் போனாள்.

*

சாதுல்லா பாயின் ஜெராக்ஸ் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில். மனு எழுதுவது, ஆதார் நகல், வண்டிக்கு ஸ்டிக்கர் எல்லாம் அங்கே உண்டு. யாருடைய பாஸ்புக்கில் என்ன வரி விழுந்தாலும், "பாப்பா, இது இன்னா போட்டுகீது?" என்று வித்யாவிடம்தான் நீட்டுவார்கள். பூந்தமல்லியில் பாதிப் பேருடைய கணக்கை அவள் படித்துச் சொல்லியிருக்கிறாள். தன் வீட்டுப் பாஸ்புக்கை மட்டும் அவளிடம் யாரும் நீட்டியதில்லை.

"மா, இன்னா இந்நேரத்துல?"

"ஒரு நானூறு ரூபா குடுடி. பாலுக்குக் கடன் கீது."

வித்யா முந்தானையை விலக்கினாள். காது மடலுக்குக் கீழே கறுத்திருந்தது. காய்ந்த ரத்தம் தோடைச் சுற்றி ஒட்டியிருந்தது.

"கதவு இடிச்சுடுச்சின்னியே?"

"கதவுதான்."

"கதவுக்கு மூணு விரல் இல்லியா மா?"

சாமுண்டீஸ்வரி அங்கேயே, பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"மாசா மாசம் பாலுக்கு முந்நூத்தி அம்பத்தி நாலு ரூபா அனுப்பறேனாம்டி. பாஸ்புக்குல அவன் பேரு கீதாம். நான் எங்கடி அனுப்புனேன்? எனக்குப் போன்ல அனுப்பவே தெரியாது. கடன் வெச்சது நெஜம். மத்தபடி அந்தத் தம்பி என்னை அக்காம்பான்..."

"இரு. எவ்ளோன்னாரு?"

"முந்நூத்தி அம்பத்தி நாலு."

வித்யாவின் கை மிஷின் மேல் அப்படியே நின்றது.

"கள்ளத்தனமா அனுப்பறவங்க நாலு ரூபா சில்லறையோடவா மா அனுப்புவாங்க?"

உள்ளே ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்த சாதுல்லா பாய் தலையை நீட்டினார். "முந்நூறு ரூபா அபராதம், அம்பத்தி நாலு ரூபா ஜி.எஸ்.டி. தெனம் நாலு பாஸ்புக்குல பாக்கறோமே. காதலுக்கு ஜி.எஸ்.டி. கெடையாதும்மா. நீ முதல்ல அம்மாவக் கூட்டிகினு பேங்குக்குப் போ. கடைய நான் பாத்துக்கறேன்."

*

பேங்க் இரண்டு தெரு தள்ளி இருந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்காற்று, டோக்கன். இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கௌதம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தான். ஆதாரை வாங்கிப் பார்த்து, ஸ்டேட்மென்டை அச்சடித்துக் கொடுத்தான்.

"இது சேலரி அக்கவுண்டா இருந்தது மேடம். சம்பளம் நின்னதும் சாதாரண கணக்கா மாறிடுச்சு. குறைஞ்சது அஞ்சாயிரம் பேலன்ஸ் இருக்கணும். இல்லன்னா மாசம் முந்நூறு, ப்ளஸ் வரி. பணம் இல்லாத மாசத்துக்கு எல்லாம் சேர்த்து வெச்சு, எப்போ பணம் வருதோ அப்போ பிடிக்கும்."

"அஞ்சாயிரம் இருந்தா நான் எதுக்கு சார் ஆயிரத்துக்கு மனு போடறேன்?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

கௌதம் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "சிஸ்டம் பிடிக்குதுங்க. நான் பிடிக்கல."

கடைசி வரியில் இன்றைய தேதி இருந்தது. காலையில் ஆயிரம் வந்திருந்தது. அடுத்த வரியில் முந்நூற்று ஐம்பத்து நான்கு போயிருந்தது.

"ஜீரோ பேலன்ஸ் கணக்கா மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க. மாத்திடலாம்."

"புடிச்ச பணம்?"

"அதையும் எழுதுங்க. மேலே அனுப்பறேன்."

சாமுண்டீஸ்வரி மிச்சமிருந்ததில் அறுநூறை எடுத்து, நானூறைத் தனியாக மடித்து முந்தானையில் முடிந்தாள். வித்யா வெள்ளைத்தாளை எடுத்து, பக்கம் மடித்து, முறையாக ஆரம்பித்தாள். அனுப்புநர். பெறுநர். ஐயா, பொருள்: உரிமைத் தொகையில் பிடித்தம் செய்தது தொடர்பாக. ஸ்டேட்மென்டில் போட்டிருப்பதை அப்படியே மனுவில் எழுதலாம் என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தாள்.

எம், ஐ, என். பி, ஏ, எல்.

பேனா நின்றது.

மினிமம் பேலன்ஸ் என்பதை பேங்க் சுருக்கிப் போட்டிருந்தது. கூட்டிப் படித்தால், மின் பால்.

போன பொங்கலுக்கு முன்னால் பூபாலன் ஐஸ் பெட்டிக்கு ஸ்டிக்கர் கேட்டு வந்தான். தமிழிலும் வேண்டும், ஆங்கிலத்திலும் வேண்டும். "மீனுக்கு ரெண்டு ஈ போடணும் அண்ணா" என்றாள் வித்யா. "ரெண்டு ஈ போட்டா எழுத்து சின்னதாப் பூடும் பாப்பா. தூரத்துலருந்து தெரியணும். ஒரு ஐ போட்டு உடு, மீன்னுதான் படிப்பானுங்க." எம், ஐ, என். பி, ஏ, எல், யூ. சிவப்பு எழுத்தில் அவளே வெட்டி ஒட்டினாள். ஐந்து மாதமாக அப்பா தினமும் பார்க்கும் எழுத்து அது. பாஸ்புக்கில் ஒரு யூ குறைந்தால் இடம் பத்தவில்லை என்று நினைத்திருப்பார்.

"மா..." வித்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள். "மா, நைனா இத்த மீன் பாலுன்னு படிச்சுகீறாரு மா!"

விளக்கிச் சொன்னாள். சாமுண்டீஸ்வரி சிரிக்கவில்லை. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனது.

"வித்யா. காலைல உங்கப்பன் சைக்கிள் டியூப்ப அறுத்துகினு இருந்தான்."

"எதுக்கு?"

"பல்லுல கடிச்சுக் கட்டிப் பாத்தான். ஊட்டுல கறிக்கத்தியக் காணோம்டி." அவள் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். "அவனால கத்தி புடிக்க முடியாது. கட்டிக்கினாதான் நிக்கும்."

மனு பாதியில் கிடந்தது. ஸ்டிக்கர் ஆர்டருக்காகத் தன் போனில் பதிந்திருந்த எண்ணைத் தேடி வித்யா போன் போட்டாள். மூன்று முறை மணி அடித்தது. பூபாலன் எடுத்தான்.

"வஞ்சரம் இல்ல மா, தடைக்காலம். கட்லா கீது, ஜிலேபி கீது..."

"பாலு அண்ணா! நான் வித்யா. அங்கேருந்து கெளம்புங்க! எங்கப்பா—"

"உங்கப்பாவா? தோ, எதிர்லதான் வராரு. அண்ணாத்தே! இன்னா அண்ணாத்தே, கையில இன்னா கட்டு—"

தகரத்தில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் அலறல். பிறகு பூபாலன், ஆச்சரியப்பட்டவனைப் போல, "அய்யோ" என்றான். ஒரே ஒரு தடவை.

போன் அணையவில்லை. வித்யா பேங்க் நடுவில் நின்று, தன் அப்பாவின் குரலைக் கேட்டாள். "பேரு கீதுடா! பாஸ்புக்குல உம்பேரு கீதுடா!"

*

அங்கே நடந்தது இது.

எஸ்டேட்டுக்குத் திரும்பும் முனையில் பூபாலன் வண்டியை நிறுத்தியிருந்தான். தரையில் மரக்கட்டை, அதன் மேல் மூன்று கிலோ கட்லா. வலது கையில் மீன் வெட்டும் பெரிய கத்தி. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். இரண்டு பெண்கள் பாத்திரத்தோடு நின்றிருந்தார்கள்.

எத்திராஜின் கையில் கத்தி இருந்தது என்று சொல்வது சரியில்லை. கத்தி கையாகவே ஆகியிருந்தது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கறுப்பு டியூப் சுற்றியிருந்தது. முதல் வெட்டு ஐஸ் பெட்டியின் மூடியில் விழுந்து, சிவப்பு ஸ்டிக்கரை இரண்டாகக் கிழித்தது. இரண்டாவது வெட்டு தலைக்கு வந்தது. பூபாலன் இடது கையைத் தூக்கினான்.

மோதிர விரலும் சுண்டுவிரலும் மீன் செதில்களுக்கு நடுவில் விழுந்தன.

பூபாலனிடம் இருந்த கத்தி எத்திராஜின் கத்தியைவிட இரண்டு மடங்கு பெரியது. ஒரு வீச்சு போதும். அவன் அந்தக் கத்தியைக் கீழே போட்டான். தெருவே அதைப் பார்த்தது.

மூன்றாவது வெட்டு தோள்பட்டையில் இறங்கியது. அதற்குள் ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் ஓடிவந்தார்கள். எத்திராஜைக் கீழே தள்ளி மிதித்தார்கள். கத்தியைப் பிடுங்கப் பார்த்தார்கள், வரவில்லை. ஒருவன் இரும்புக் கம்பியால் மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. கத்தி அப்போதும் கையிலேயே தொங்கியது. பெட்டி கட்டும் கயிற்றால் அவனைக் கரண்ட் கம்பத்தில் கட்டினார்கள்.

மீன் வாங்க வந்த பெண்களில் ஒருத்தி, பாத்திரத்தை வைத்துவிட்டு, செதிலுக்குள் கைவிட்டுத் துழாவி இரண்டு விரல்களையும் எடுத்தாள். "ஐஸ்ல போடுங்கடா! மீன் ஐஸ்ஸா இருந்தா இன்னா, போடுங்க!" என்று கத்தினாள். விரல்களோடு பூபாலனும் ஆட்டோவில் போனான்.

சாமுண்டீஸ்வரியும் வித்யாவும் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, எத்திராஜ் கத்தியதிலிருந்தே விஷயத்தை ஊகித்திருந்த கூட்டம் வழிவிட்டது. விட்ட வழியிலேயே ஒரு கை நீண்டு சாமுண்டீஸ்வரியின் கூந்தலைப் பிடித்தது.

"வந்துட்டாடி மகராசி! ரெண்டு பேர ரத்தத்துல போட்டுட்டு ஆட்டோவுல வந்து எறங்கறா பாரு!"

இன்னொருத்தி செருப்பைக் கழற்றினாள். செருப்பு வாயில் விழுந்தது. சாமுண்டீஸ்வரி தடுக்கவில்லை. வித்யா நடுவில் புகுந்தாள்; அவளுக்கும் ஒன்று விழுந்தது.

"பேங்க் அபராதம்! இது பேங்க் அபராதம்!" என்று ஸ்டேட்மென்டைத் தூக்கிப் பிடித்துக் கத்தினாள். யாருக்கும் புரியவில்லை. ஒருவன் சிரித்தான்.

அவள் அந்தத் தாளை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். எத்திராஜின் ஒரு கண் மூடியிருந்தது. சட்டைப்பையிலிருந்து பாஸ்புக் பாதி வெளியே வந்து, ரத்தத்தில் ஊறியிருந்தது.

"படி நைனா."

"போடி."

"படி!"

அவன் ஒற்றைக் கண்ணால் கூட்டினான். "எம்மு... ஐயி... என்னு. மீன்."

"மினிமம். கொறஞ்சதுன்னு அர்த்தம். அடுத்தது?"

"பி... ஏ... எல்லு."

"பேலன்ஸ். கணக்குல அஞ்சாயிரம் வெக்கலன்னு பேங்க்காரன் மாசா மாசம் புடிச்ச அபராதம். பாலுவும் இல்ல, மீனும் இல்ல."

எத்திராஜ் தாளையே பார்த்தான். "பணம் இல்லாததுக்கா புடிச்சான்?"

"ஆமா நைனா. இல்லாததுக்கு."

"இல்லாதவனாண்டயேவா?"

ஈக்கள் அவன் கைக்கட்டில் உட்கார்ந்தன.

"ஊருக்கே நான்தான் படிச்சு சொல்றேன். என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உங்கம்மா எவனுக்கு அனுப்பறான்னு பெத்த பொண்ணாண்ட எப்டிடி கேப்பேன்?" அவன் குரல் உடைந்தது. பிறகு சாமுண்டீஸ்வரியைத் தேடினான். "நீயாவது சொல்லியிருக்கலாமேடி. உன்னக் கேட்டேனே."

சாமுண்டீஸ்வரி வாயிலிருந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"நீ கேக்கலய்யா. அடிச்சே."

*

மத்தியானம் மூன்று மணி. பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரி. பூபாலனின் வலது தோளில் பதினோரு தையல். இடது கையைச் சுற்றித் தலையணை போலக் கட்டு. விரல்களை ஒட்டவைக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்; ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. எத்திராஜ் முறிந்த கையோடு போலீஸ் காவலில் அடுத்த வார்டில் கிடந்தான்.

ஏட்டு பாஸ்கரன் தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றார். "சொல்லுப்பா. யாரு வெட்டுனது?"

"மீன் வெட்டறப்ப கை தவறிடுச்சு சார்."

"தோள்ல?"

"தவறிடுச்சு சார்."

"யோவ், தெருவே பாத்துகீது."

"அப்ப தெருவாண்ட எழுதி வாங்கிக்கோ சார்."

வாசலில் நின்றிருந்த பூபாலனின் மனைவி ஷர்மிளா அதைக் கேட்டாள். கேட்டதும் முகம் மாறியது. ஏட்டு முணுமுணுத்தபடி வெளியே போனார். அவர் பின்னாலேயே அவளும் போனாள், "சார், அவரு மயக்கத்துல பேசறாரு சார்" என்றபடி.

அந்த இடைவெளியில் சாமுண்டீஸ்வரி உள்ளே வந்தாள். அவள் வலது காதை அவன் பக்கம் திருப்பி நின்றாள், அவன் பேசுவது கேட்க வேண்டுமென்று.

"ஏன் பாலு பொய் சொன்னே?"

"கேஸாயிட்டா அண்ணாத்தேக்கு வர்ற ஆயிரத்து ஐந்நூறும் நின்னுபூடும்னு சொல்வாங்க. நெஜமோ பொய்யோ. அப்பால நீயும் பாப்பாவும் இன்னா பண்ணுவீங்க?"

"கத்தி இருந்துச்சே உன் கையில. ஏன் கீழ போட்டே?"

பூபாலன் தன் கைக்கட்டைப் பார்த்தான். "அவரு கை பிரஸ்ல மாட்டுனப்ப எஸ்டேட் வாசல்ல நான்தான் வண்டி போட்டுகினு இருந்தேன். மூணு விரலையும் என் ஐஸ் பொட்டியிலதான் போட்டு எடுத்துகினு ஓடனேன். ஒட்டல. இன்னிக்கு அதே கை எதிர்ல வருது. அதுமேல ஒரு வெட்டு வெக்க மனசு வரல அக்கா."

சாமுண்டீஸ்வரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நானூறு ரூபாய்.

"இப்போ எதுக்கு இது?"

"கடன் வேணாம் பாலு. இத்த வாங்கிக்கோ. இல்லன்னா நான் இங்கேருந்து போவ மாட்டேன்."

அவனால் கை நீட்ட முடியவில்லை. அவளே குனிந்து, மடித்த நோட்டுகளை அவன் சட்டைப்பைக்குள் சொருகினாள்.

ஷர்மிளா திரும்பி வந்து கதவருகே நின்றிருந்தாள். பேச்சு எதுவும் அவள் காதில் விழவில்லை. குனிந்த பெண்ணையும், தன் புருஷனின் நெஞ்சில் போன கையையும், நோட்டையும்தான் பார்த்தாள்.

பத்து நிமிடம் கழித்து, ஆம்புலன்ஸுக்காக எல்லோரும் வெளி வராந்தாவில் காத்திருந்தார்கள். வித்யா மாத்திரை வாங்கப் போயிருந்தாள். போகுமுன் ஷர்மிளாவிடம் அவள் ஸ்டேட்மென்டை ஒவ்வொரு வரியாக விளக்கியிருந்தாள். ஷர்மிளா ஒன்பதாவது படித்தவள், புரிந்துகொண்டாள். தாளை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

சாமுண்டீஸ்வரி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஷர்மிளா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது பக்கம்.

"பேங்க்காரன் புடிச்சது பேங்க்காரனோட போச்சு," என்றாள் மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி. "எம்புருஷன் ரெண்டு விரலு போயும் உன் புருஷனக் காட்டிக் குடுக்கல. நீ வந்து அவரு பையில பணம் வெக்கறே. உன்ன ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உனக்கும் அவருக்கும் எதுனா கீதா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு, உட்டுடறேன்."

சாமுண்டீஸ்வரியின் இடது காதில் அறுபது மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் தரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

ஷர்மிளா காத்திருந்தாள். ஒருமுறை மூச்சு விட்டாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

பிறகு தலையை ஆட்டினாள், பதில் கிடைத்துவிட்டவளைப் போல.

பெஞ்சுக்கு அடியில், தெருவிலிருந்து யாரோ வாரிக் கொண்டுவந்து போட்ட பூபாலனின் ஒயர்கூடை இருந்தது. அவள் அதைக் காலால் தன் பக்கம் இழுத்தாள். கூடைக்குள் அவனுடைய போன் இருந்தது. செதில் காயாத மீன் கத்தியும் இருந்தது.

ஷர்மிளா குனிந்து உள்ளே கையை விட்டாள்.